நூறு கிலோ கூடிய படகு

அத்தியாயம் 9

பிப்ரவரி பதினொன்று, பகல் பன்னிரண்டே கால். தீவுக்குப் போகும் பாலத்துக்கு முன்னால், லாரிகள் நிற்கும் மைதானத்தில் இருந்தவர்கள்:

யத்ராங்கா. துப்பறிபவள். வயது ஐம்பத்திரண்டு. சுங்கத்தில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து, மேலதிகாரியின் முகத்துக்கு நேரே ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவள்.

லோவ்ரே. அவளுடைய உதவியாள். பயம் வந்தால் ஜோக் அடிப்பான். அன்று காலையிலிருந்து பதினேழு அடித்திருந்தான்.

விட்டோமிர். படகின் சொந்தக்காரர். அறுபத்தாறு வயது, நரைத்த மீசை, விலை உயர்ந்த கோட்டு.

ஸ்லாவென். லாரி டிரைவர். சமவெளிக்காரன். கடலைப் பார்த்தாலே முகம் சுளிப்பவன்.

டாலிபோர். போலீஸ்காரர். பாலத்தின் தடுப்புக்கட்டையைத் தூக்குவதும் இறக்குவதும் அவர் பொறுப்பு.

லோவ்ரே இதைத் தன் நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டான். தூங்கும் லாரிக்காரர்கள் போக ஐந்து பேர். ஒரு ஆளை எண்ணாமல் விட்டுவிட்டான் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரிந்தது.

புரா அடித்துக்கொண்டிருந்தது. மலை உச்சியிலிருந்து கடலுக்குள் தலைகீழாக விழும் காற்று அது. மேகம் கிடையாது, மழை கிடையாது, வெயில் பளிச்சென்று கண்ணைக் குத்தும். ஆனால் நிற்கிற ஆளை வாரிக்கொண்டு போய்விடும். கீழே கடல் புகைந்தது. அலையின் தலைகளைக் காற்று கிள்ளி எறிந்ததில் தண்ணீரே வெள்ளைப் புகையாக ஓடியது. உயரமான வண்டிகளுக்குப் பாலம் காலை ஆறு மணியிலிருந்து மூடல். ஏழெட்டு லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் திரையை இழுத்துவிட்டுத் தூங்கினார்கள்.

கடைசியில் நின்றது ஸ்லாவெனின் லாரி. அதன் தாழ்வான டிரெய்லரின் மேல் அந்தப் படகு.

பன்னிரண்டு மீட்டர் நீளம். பின்னால் மூன்று எஞ்சின், ஒவ்வொன்றும் நானூறு குதிரைசக்தி. புளோரிடாவில் வாங்கி, கப்பலின் மேல்தளத்தில் கட்டி, தெற்கு இத்தாலியில் ஒரு துறைமுகத்தில் வேறு கப்பலுக்கு மாற்றி, நேற்று ரியேகா துறைமுகத்தில் கிரேன் போட்டு இறக்கியது. மேல்பாகம் முழுவதும் வெள்ளைப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிச் சுருக்கி ஒட்டியிருந்தார்கள். காற்றில் அது தமுக்கு அடித்தது.

"பொணத்துக்குத் துணி போத்தின மாதிரி இருக்கு பாஸ்" என்றான் லோவ்ரே. பதினெட்டாவது ஜோக். யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனே சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். டூயே என்றொரு மெக்கானிக். விட்டோமிர் அவனை ஆறு நாளைக்கு முன்னால் இத்தாலிக்கு அனுப்பினார். கப்பல் மாற்றும் இடத்தில் எஞ்சின்களின் உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும், கட்டுகளைச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று சாயந்திரம் டூயே மனைவி மிரெலாவுக்குப் போனில் எழுதினான்: 'படகுல வரக்கூடாதது ஒண்ணு வந்திருக்கு. ஊருக்கு வந்து சொல்றேன்.' அதோடு சரி. போன் செத்தது. ஆள் வரவில்லை. மிரெலாவுக்கு எட்டு மாசம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு யத்ராங்காவிடம் வந்தாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு மிரெலா வீட்டில் உட்கார்ந்தபோது மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக இருந்ததை லோவ்ரே பார்த்தான். அவன் அதைப் பற்றி ஜோக் அடிக்கவில்லை.

யத்ராங்காவின் கையில் இருந்த துப்பு இந்தப் படகு ஒன்றுதான். பாலத்தைத் தாண்டினால் அது விட்டோமிரின் கொட்டகைக்குள் போகும். கொட்டகைக்கு இரும்புக் கதவு. அதற்கப்புறம் படகில் எது இருந்தாலும் இருக்காது. டூயேக்கு என்ன ஆயிற்று என்று கேட்க உலகத்தில் வேறு இடமும் இருக்காது.

"குளிருது இல்ல? குடிங்க தம்பி."

லோவ்ரே துள்ளினான். விட்டோமிர் எப்போது பக்கத்தில் வந்தார் என்று தெரியவில்லை. கையில் ஃபிளாஸ்க், மூடியில் ஆவி பறக்கும் ஏதோ ஒன்று. மறுத்தால் தப்பாகிவிடும் என்று லோவ்ரே வாங்கி உறிஞ்சினான்.

"பார்பா, இது காபியா, காபி கால் கழுவின தண்ணியா?"

பார்பா என்றால் இந்தக் கரையில் வயசான கடல்காரர்களுக்கான மரியாதை. விட்டோமிர் அந்த மரியாதையைத் தலையசைத்து வாங்கிக்கொண்டார்.

"முப்பத்திநாலு வருஷம் புளோரிடாவுல இருந்தாச்சு. அங்க இப்பிடித்தான், வடிகட்டி, லேசா. உங்க காபி இப்ப நமக்கு ஒத்துக்கிறதில்ல. அடியில சேறு. பல்லெல்லாம் மண்ணு." சிரித்தார். "மிரெலா எப்பிடி இருக்கா?"

"இருக்காங்க."

"டூயே நல்ல பையன். வாய்தான் கொஞ்சம் நீளம். வந்துடுவான். ஏதாவது உதவி வேணும்னா கேக்கச் சொல்லுங்க. வீடு தெரியும் எனக்கு. சமையல்கட்டு ஜன்னல் ரோட்டைப் பாத்தாப்ல இருக்குமே, பச்சைத் திரை. இல்ல?"

பச்சைத் திரைதான். லோவ்ரே மீதிக் காபியைக் குடிக்காமல் மூடியை நீட்டினான். விட்டோமிர் மூடியை வாங்கி, கர்ச்சீப்பால் நிதானமாகத் துடைத்து, ஃபிளாஸ்க்கில் திருகிக்கொண்டு தன் காருக்குப் போனார்.

லோவ்ரே ஓடாத குறையாக லாரியின் முன்பக்கத்துக்கு வந்தான். யத்ராங்கா டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஸ்லாவென் மடியில் காகிதம் விரித்து, உப்பிட்ட பன்றிக் கொழுப்பைப் பேனாக்கத்தியால் சீவி, வெங்காயத்தோடு தின்றுகொண்டிருந்தான்.

"கதவைத் திறந்ததும்தான் வெங்காய வாசமே வருது அண்ணே. வெளிய காத்து எல்லா வாசத்தையும் அடிச்சுட்டுப் போயிடுச்சு" என்றான் லோவ்ரே.

"ஏறு, ஏறு. கதவைச் சாத்து. இந்தக்கா என்னோட எடைச் சீட்டைப் பாக்கணும்னு பிடிவாதம் பிடிக்குது."

யத்ராங்கா இரண்டு காகிதங்களை முழங்கால் மேல் விரித்து வைத்திருந்தாள். ஒன்று புளோரிடாவில் கிரேன் தூக்கும்போது அடித்த எடைச் சீட்டு. எட்டாயிரத்து இருநூறு கிலோ. மற்றது நேற்று ரியேகாவில் அடித்தது. எட்டாயிரத்து முந்நூறு.

"நூறு கிலோ ஏறியிருக்கு" என்றாள்.

"கடல் காத்து ஒடம்புக்கு ஒத்துக்கிச்சு போல" என்றான் லோவ்ரே. இருபது.

"நானும் கேட்டேங்க்கா" என்றான் ஸ்லாவென். "என்னோட பர்மிட்டு அந்த எடைக்கு இல்ல. மழைத் தண்ணி சேந்திருக்கும், போடா, ஓட்டுன்னாரு பார்பா."

"இவ்வளவு இறுக்கி ஒட்டின பிளாஸ்டிக்குள்ள மழை எந்த வழியாப் போச்சு?" அவள் லோவ்ரேயைப் பார்த்தாள். "டூயே எவ்வளவு இருப்பான்?"

மிரெலா காட்டிய போட்டோ லோவ்ரேக்கு நினைவு வந்தது. கல்யாண நாள். மாப்பிள்ளை நிலைப்படியில் தலையை இடிக்காமல் இருக்கக் குனிந்து நிற்கிறான். கிழிந்துவிடும் போல் சட்டை. 'தொண்ணூறுக்குக் குறைய மாட்டான், சூப்பை நிறுத்தினாலும் குறைய மாட்டான்' என்று அவள் சொல்லிவிட்டு, சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"தொண்ணூறு" என்றான் லோவ்ரே. "டூல்ஸ் பை ஒரு பத்து..." இரண்டு சீட்டையும் மறுபடி பார்த்தான். "அப்ப அவன் உள்ள இருக்கானா? உசிரோட இருக்கான்தானே பாஸ்?"

"எடை அதைச் சொல்லாதுடா. உசிரோட இருந்தாலும் இல்லாட்டியும் கிரேனுக்கு ஒரே கிலோதான்."

ஸ்லாவென் மெல்லுவதை நிறுத்தினான். கத்தியை மடக்கினான். "நான் சமவெளிக்காரன்" என்றான், ஏதோ அதுவே பெரிய சாட்சி மாதிரி. "எனக்கு ஒண்ணும் தெரியாது. ரியேகால ஏத்துனாங்க, நான் இழுத்தேன்."

யத்ராங்கா இறங்கித் தடுப்புக்கட்டைக்குப் போனாள். லோவ்ரே காற்றில் சாய்ந்து சாய்ந்து பின்னால் நடந்தான். டாலிபோர் தன் தகரக் கூண்டுக்குள் ஹீட்டரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எடைச் சீட்டு இரண்டையும் பொறுமையாகப் பார்த்தார்.

"கேபின் கதவுல சுங்க சீல் இருக்கும்மா. இத்தாலில போட்டது. ரியேகால நம்பரைச் சரிபாத்து அனுப்பியிருக்காங்க, முறை அதுதான். அதை நான் தொட்டா என் வேலை போயிடும். நீங்க தொட்டா நீங்க உள்ள போவீங்க. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"சுங்க அதிகாரியை வரச் சொல்லு."

"சொல்லலாம். இந்தக் காத்துல அவர் வந்து சேர சாயந்திரம் ஆயிடும்." டாலிபோர் கடிகாரத்தைப் பார்த்தார். "காத்து ஒரு மணிக்கு அடங்கும்னு சொல்லியிருக்காங்க. அடங்கினா நான் கட்டையைத் தூக்கியாகணும். எந்தக் காரணத்தைச் சொல்லி இவரை நிறுத்துவேன்? படகு குண்டாயிடுச்சுன்னா?"

"அவன் ஜோக் எல்லாருக்கும் தொத்திக்கிச்சு" என்றாள் யத்ராங்கா, லோவ்ரேயைக் காட்டி. மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

"போ" என்றாள் அவனிடம். "படகு பக்கத்துல போய் நில்லு. ஒண்ணுக்குப் போற மாதிரி. மெதுவாத் தட்டிப் பாரு. ஏதாவது கேக்குதான்னு பாரு."

"நீங்க?"

"நான் விட்டோமிர் கிட்ட வானிலை பேசறேன்."

லோவ்ரே டிரெய்லரின் மறுபக்கத்துக்குப் போனான். காற்றுக்கு மறைவான பக்கம் அது. திடீரென்று சத்தம் பாதியாகக் குறைந்ததில் காது அடைத்த மாதிரி இருந்தது. படகின் வெள்ளை வயிறு தலைக்கு மேல் சரிந்து நின்றது. நடுப்பகல், வெயில், முப்பது அடி தள்ளி ஆட்கள். ஆனாலும் அவன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினான். காதை வைத்தான். ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு. ஒன்றும் இல்லை.

'செத்துட்டான்' என்று நினைத்தான். 'நான் ஒரு சவப்பெட்டியைத் தட்டிக்கிட்டு நிக்கறேன்.'

அப்போது உள்ளே ஏதோ உரசியது. மிக லேசாக. உலோகத்தின் மேல் உலோகம். லோவ்ரே மூச்சை நிறுத்தினான். அடுத்த நொடி அவன் பிடரியில், சட்டைக் காலருக்கும் தலைமயிருக்கும் நடுவில், சொட்டென்று ஒன்று விழுந்தது.

கையை வைத்துப் பார்த்தான். விரலில் கருஞ்சிவப்பு. கெட்டியாக, குழகுழவென்று.

நிமிர்ந்தான். தலைக்கு மேலே, படகின் பக்கவாட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து ஒரு பழுப்புக் கோடு வெள்ளை வயிற்றில் ஒழுகி இறங்கியிருந்தது. அதன் பக்கத்தில் காய்ந்துபோன பழைய கோடுகள், ஏழோ எட்டோ.

அவன் எப்படி யத்ராங்காவிடம் போய்ச் சேர்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. விட்டோமிரின் காரிலிருந்து பத்தடி இந்தப் பக்கம் அவளைப் பிடித்து நிறுத்தினான். கத்தாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

"ரத்தம் பாஸ். ரத்தம் ஒழுகுது. என் கழுத்துல. சூடா."

"சூடாவா?"

"சூடுன்னு சொல்றேன்ல!"

அவள் அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். மூக்கை வைத்தாள். பிறகு, லோவ்ரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் விரலிலிருந்ததைத் தன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அய்யோ, பாஸ்!"

"ஆறு நாளா இந்தக் குளிர்ல கிடக்கிற பொணத்துக்கு ரத்தம் சூடா இருக்குமாடா?"

"அப்ப யாரு உள்ள? டூயே செத்து, அவனைக் கொன்னவன் உள்ள இருக்கானா?"

அவள் தடுப்புக்கட்டையையும், விட்டோமிரையும், படகையும் மாறி மாறிப் பார்த்தாள். காற்றின் ஊளை ஒரு சுருதி இறங்கியிருந்தது. தூங்கிய டிரைவர்களில் ஒருவன் திரையை விலக்கி வானத்தைப் பார்த்தான்.

"லோவ்ரே, நல்லாக் கேளு. விட்டோமிர் இப்ப அந்தப் படகுல ஏறுவாரு. நீ அவர் பின்னாலயே ஏறு. கேபின் கதவுகிட்ட நில்லு. உள்ளேர்ந்து முதல்ல வர்றவனுக்கு வழி விடு. ரெண்டாவது ஆள் வர்றதுக்குள்ள கதவைச் சாத்து."

"முதல்ல வர்றவன் யாரு?"

"வந்தாத் தெரியும்."

"வேற யாராவது ஏறக் கூடாதா? எனக்கு முட்டி வலி, மூணு தலைமுறையா."

"நீதான் ஏறணும். இப்ப இருக்கிற இதே மூஞ்சியோட ஏறணும்." அவள் அவன் கன்னத்தை ஒரு தட்டு தட்டினாள். பிறகு கூண்டைப் பார்த்துக் கத்தினாள்: "டாலிபோர்! இங்க வா! படகு ஒழுகுது!"

எல்லாரும் வந்தார்கள். ஸ்லாவென் வாயில் வெங்காயத்தோடு வந்தான். யத்ராங்கா பழுப்புக் கோட்டைக் காட்டினாள்.

"பெட்ரோல் டாங்க்" என்றாள். "டாங்க்கை ஒட்டியிருக்கிற பசை கரைஞ்சு ஒழுகுது. இதை நான் சுங்கத்துல இருந்தப்பவே பாத்திருக்கேன்."

ரத்தம் எப்போது பெட்ரோல் ஆனது என்று லோவ்ரேக்குப் புரியவில்லை. புரியாததால் இன்னும் கொஞ்சம் பயந்தான்.

"டாங்க் காலியாத்தானே வரும்?" என்றார் விட்டோமிர். "காலி பண்ணாம கப்பல்ல ஏத்தவே மாட்டான்."

"காலி டாங்க்குதான் பார்பா மோசம். உள்ள பூரா ஆவி. ஒரு பொறி போதும், நாம எல்லாரும் அந்தத் தீவுல போய் விழுவோம், டிக்கெட் இல்லாம."

ஸ்லாவென் மூன்று எட்டு பின்னால் போனான். டாலிபோர் இரண்டு எட்டு போனார். லோவ்ரேயின் கால்கள் அவனைக் கேட்காமலே பின்னால் போயின. விட்டோமிர் மட்டும் முன்னால் வந்தார். படகின் வயிற்றில் கையை வைத்தார், காய்ச்சல் பார்ப்பது போல.

யத்ராங்கா அதைப் பார்த்தாள். லோவ்ரேயும் பார்த்தான். வெடிக்கும் என்று சொன்ன பொருளை நோக்கி ஒரு மனிதன் முன்னால் வந்தால், வெடிப்பதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்கு அதற்குள் இருக்கிறது.

"இதை நான் பாலத்துல விட முடியாது" என்றார் டாலிபோர். ரேடியோவை எடுத்தார். "தீயணைப்பைக் கூப்பிடறேன்."

"கூப்பிடு" என்றாள் யத்ராங்கா. "டாங்க்கை அறுத்து எடுத்துக் கழுவிக் குடுத்துடுவாங்க. ஒரு மணி நேர வேலை."

"வேண்டாம்." விட்டோமிரின் குரலில் முதல்முறையாக மரியாதை இல்லை. உடனே சரிசெய்துகொண்டார். "வேண்டாங்க. எதுக்கு சிரமம்? நானே பாத்துடறேன். ஒரு மூடியை இறுக்கினாப் போதும்."

"சீல் இருக்கு" என்றார் டாலிபோர்.

"என் படகு. என் சீல். அபராதத்தை நான் கட்டறேன், எழுதிக்கோங்க." ஸ்லாவெனின் டூல் பெட்டியிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். பிறகு லோவ்ரேயின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, உதடு துடிக்கும் முகம். அதில் என்ன படித்தாரோ, திருப்தியாகத் திரும்பி ஏணியில் கால் வைத்தார்.

லோவ்ரே பின்னால் ஏறினான். ஏணியின் பாதியில் காற்று அவனைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. பிளாஸ்டிக்கில் இருந்த ஜிப்பைத் திறந்து விட்டோமிர் உள்ளே நுழைந்தார். இவனும் நுழைந்தான்.

உள்ளே எல்லாம் வெள்ளை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத பால் வெள்ளை. நாலு பக்கமும் பிளாஸ்டிக் படபடவென்று அடித்துக்கொண்டது, பெரிய மிருகத்தின் நெஞ்சுக்குள் நிற்பது போல. விட்டோமிர் சீலைக் கத்தரித்தார். கழுத்துச் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றிப் பூட்டைத் திறந்தார். பூட்டும் சாவியும் கொண்டியிலேயே தொங்கின. கதவு திறந்தது.

வாசம் முகத்தில் அறைந்தது. வியர்வை, மூத்திரம், அடைத்துக் கிடந்த காற்று. அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. லோவ்ரேக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று, பெயர் மட்டும் நாக்கில் வரவில்லை. பயம் மூளையை அடைத்திருந்தது.

விட்டோமிர் மூக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூன்று படி இறங்கி, டார்ச்சைப் பல்லில் கடித்து, நேராக முன்பக்கத்துப் படுக்கைக்குப் போனார். மெத்தையைத் தூக்கினார். பலகையைத் தூக்கினார். அடியில் இருந்த டாங்க்கின் வட்ட மூடியைத் திருகிக் கையைத் தோள்வரை உள்ளே விட்டார். கறுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலம் வெளியே வந்தது. தடவிப் பார்த்தார். இன்னொன்று. அதையும் தடவினார்.

"ஈரமே இல்லியே" என்று தனக்குத்தானே சொன்னார்.

அப்படியே நின்றார். முதுகு அசையவில்லை. பிறகு மெதுவாக, நாய் மாதிரி, காற்றை மோந்தார்.

"தம்பி" என்றார் திரும்பாமல். "இது காபி வாசம்தானே?"

காபி. நம்ம காபி. கொதிக்க வைத்து, மண்டியோடு ஊற்றி, கடைசியில் அடியைத் தொட்டியில் கொட்டும் காபி. லோவ்ரேயை ஒவ்வொரு நாளும் காலையில் எழுப்பும் வாசம்.

விட்டோமிர் திரும்பினார். ஒரு கை கோட்டுப் பைக்குள் போயிருந்தது. அவருக்கும் லோவ்ரேக்கும் நடுவில், இடதுபக்கம், கக்கூஸின் குறுகலான கதவு. அதன் கைப்பிடி தானாகத் திரும்பியதை லோவ்ரே பார்த்தான். கத்த வேண்டும் என்று தோன்றியது. கத்தத் தெரியவில்லை.

கதவு படாரென்று வெளிப்பக்கம் திறந்து நடைவழியை முழுசாக அடைத்தது. விட்டோமிர் மறுபக்கம் மறைந்தார். கக்கூசுக்குள்ளிருந்து ஒரு மலை வெளியே பிதுங்கியது. தாடி, சிவந்த கண், கிழிந்த சட்டை, ஒரு கையில் நீளப் பிடி வைத்த செப்புக் காபிப் பாத்திரம். கால் மரத்துப்போயிருந்ததால் படியில் முழங்கால் குத்தி, கையால் ஊர்ந்து ஏறினான்.

"தள்ளுடா" என்றான் டூயே, லோவ்ரேயைப் பார்த்து.

முதலில் வருகிறவனுக்கு வழி விடு. லோவ்ரே விட்டான். டூயே அவனைத் தாண்டி வெளியே உருண்டு, வெள்ளை வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

கக்கூஸ் கதவு மெதுவாக விலகியது. விட்டோமிரின் முகம் தெரிந்தது. அவர் ஓடி வரவில்லை. அதுதான் லோவ்ரேயை மிகவும் பயமுறுத்தியது. படிக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். பைக்குள் போன கை பைக்குள்ளேயே இருந்தது.

"கதவை விடு தம்பி" என்றார் மெதுவாக. "நீ நல்ல பையன். உனக்கும் ஒரு வீடு இருக்கு. அதுலயும் ஜன்னல் இருக்கும்."

லோவ்ரே ஒரு ஜோக் தேடினான். ஒன்றும் இல்லை. கதவைச் சாத்தினான்.

தோளைக் கொடுத்து அழுத்தினான். கொண்டியை மாட்டினான். பூட்டின் வளைவை ஓட்டையில் நுழைக்க வேண்டும். வளைவு ஒரு பக்கம், ஓட்டை ஒரு பக்கம். டூயே படுத்த இடத்திலிருந்தே ஒரு காலை நீட்டிக் கதவில் முட்டுக் கொடுத்தான்.

"தட்டினது நீதானா?" என்றான் மூச்சு வாங்க.

"ஏன்யா பதில் தட்டல?"

"நான் டாங்க்கைப் பாத்துக்கிட்டிருந்தப்போ, உள்ள ஆள் இருக்கான்னு தெரியாமலே பூட்டி சீல் வச்சுட்டானுங்க. அப்புறம் இவரோட ஆளுங்க மேல நின்னு போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. மெக்கானிக்கை எங்க பாத்தாலும் கடல்ல தள்ளுன்னு. ரியேகாலேர்ந்து வெளிய கேக்கிற குரலெல்லாம் இவரோடது. யாருக்குன்னு தட்டறது?"

"காபி ஒழுக விட்டது சிக்னலா?"

டூயே அவனைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். "என்ன சிக்னல்? எஞ்சின் கழுவக் கொண்டுபோன கேன்ல தண்ணி இருந்துச்சு, பையில அடுப்பும் காபித்தூளும் இருந்துச்சு. குடிச்சேன். மண்டியைக் கை கழுவுற தொட்டியில கொட்டாம வேற எங்கடா கொட்டுவாங்க?"

ஏணியிலிருந்து யத்ராங்காவின் தலை ஜிப் வழியாக உள்ளே வந்தது. பின்னால் டாலிபோர், துப்பாக்கியை எடுத்தபடி. அவள் டூயேயைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், ஒரு தடவை தலையை ஆட்டினாள்.

"காபின்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல பாஸ்?" என்றான் லோவ்ரே. "நான் ரத்தம்னு நெனச்சுச் செத்துக்கிட்டிருந்தேன்."

"சொல்லியிருந்தா உன் மூஞ்சி சிரிச்சிருக்கும்" என்றாள் யத்ராங்கா. "அவரு என் பேச்சை நம்பி ஏறலடா. உன் மூஞ்சியைப் பாத்துத்தான் ஏறினாரு."

கதவின் மறுபக்கம் மூன்று தட்டு கேட்டது. நிதானமாக, மரியாதையாக, விருந்துக்கு வந்தவர் தட்டுவது போல.

லோவ்ரே இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து வளைவை ஓட்டைக்குள் தள்ளினான். அது சொடக்கென்று விழுந்தது. சாவியைத் திருப்பி உருவிக்கொண்டான்.